ஹங்கேரிப் பல்கலைக்கழகங்களுக்கு நிறுத்தப்பட்ட ஐரோப்பிய நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டு அரசு சட்டப்படி நடக்கவில்லை என்பதற்காக அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போகும் பொதுப் பணத்தை நிறுத்தலாமா? இந்தக் கேள்வி 2022 டிசம்பரில் ஐரோப்பாவில் நிஜமாகவே எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது, ஹங்கேரிப் பல்கலைக்கழகங்கள் சில நீதிமன்றத்துக்குப் போயின.

இந்தப் பக்கம் முக்கியமாகப் பேசுவது 2019 முதல் 2024 முடிவு வரை நடந்தவற்றையும், அந்த வழக்குகளில் அடங்கியிருக்கும் சட்டக் கேள்விகளையும். சட்டம் படித்தவர்களுக்காக மட்டும் எழுதியது அல்ல. உயர்கல்வியில் அக்கறை உள்ள எவரும் படிக்கலாம்.

சுருக்கமாக, என்ன நடந்தது?

2022 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சில் ஹங்கேரிக்கு எதிராக ஒரு முடிவு எடுத்தது. உறுப்பு நாட்டு அமைச்சர்கள் அமரும் சபை அது. முடிவில் இரண்டு பகுதிகள் இருந்தன. மூன்று வளர்ச்சித் திட்டங்களுக்கான நிதி ஒதுக்கீட்டில் 55 சதவீதம், அதாவது சுமார் 630 கோடி யூரோ, நிறுத்திவைக்கப்பட்டது. நாளிதழ்களின் தலைப்புச் செய்தி இதுதான்.

இரண்டாவது பகுதி ஒரே ஒரு பத்தி. ஹங்கேரியின் 'பொதுநல அறக்கட்டளை'களோடும், அவை நடத்தும் நிறுவனங்களோடும் ஒன்றியம் இனிப் புதிய நிதி ஒப்பந்தம் எதுவும் செய்யக் கூடாது என்றது அது. அந்த நிறுவனங்களில் நாட்டின் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அடக்கம். மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் பிளஸ், ஆராய்ச்சிக்கான ஹொரைசன் யூரோப் ஆகிய இரண்டு பெரிய வாசல்களும் அந்தப் பத்தியால் மூடின.

சட்டத்தின் ஆட்சிக்கும் பணத்துக்கும் என்ன தொடர்பு?

2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது, எண் 2020/2092. ஓர் உறுப்பு நாட்டில் சட்டத்தின் ஆட்சி சீர்குலைந்து, அதனால் ஒன்றியத்தின் பணம் தவறான வழியில் போகிறது அல்லது போகும் ஆபத்து தீவிரமாக இருக்கிறது என்றால் நிதியை நிறுத்தலாம் என்பது அதன் சாரம். நீதிமன்றத்தில் ஊழல் வழக்கை விசாரிக்க சுதந்திரமான நீதிபதி இல்லை, டெண்டர் வேண்டியவர்களுக்கே போகிறது, வழக்குத் தொடுக்க வேண்டியவர் தொடுப்பதில்லை என்றால், அந்த நாட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கு எந்தக் காவலும் இல்லை. சட்டத்தின் அடிப்படை வாதம் இதுதான்.

ஹங்கேரியும் போலந்தும் இந்தச் சட்டமே செல்லாது என்று வழக்குத் தொடுத்தன. 2022 பிப்ரவரி 16 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் முழு அமர்வாகக் கூடி இரண்டு மனுக்களையும் தள்ளுபடி செய்தது. ஆனால் தீர்ப்பில் ஒரு முக்கியமான கோட்டையும் போட்டது. இந்தச் சட்டம் ஒரு நாட்டைத் தண்டிக்க அல்ல, வரவுசெலவைக் காப்பாற்ற மட்டுமே. நடந்த மீறலுக்கும் பணத்துக்கு வரும் ஆபத்துக்கும் உண்மையான தொடர்பு இருந்தால்தான் கை வைக்கலாம். பல்கலைக்கழகங்களின் பிற்கால வாதங்களில் பாதி இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

அறக்கட்டளைப் பல்கலைக்கழகம் என்பது என்ன?

அரசுப் பல்கலைக்கழகமாக இருந்ததை அரசே ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பது. 2019-இல் தலைநகர் புடாபெஸ்டின் கொர்வினுஷ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. எண்ணெய் நிறுவனமான மோல், மருந்து நிறுவனமான கெடியோன் ரிக்டர் ஆகியவற்றின் மொத்தப் பங்குகளில் தலா 10 சதவீதத்தை அரசு தன்னிடமிருந்து அந்த அறக்கட்டளைக்குக் கொடுத்தது. 2020-இல் வேறு சில பல்கலைக்கழகங்கள் மாறின. 2021-இல் டெப்ரெட்சென், செகெட், பேச், செம்மல்வைஸ் போன்ற பெரியவையும் சேர்ந்தன. மொத்தம் 21 பல்கலைக்கழகங்கள். கட்டடம், நிலம் எல்லாம் அறக்கட்டளைக்குப் போயின, ஆசிரியர்கள் அரசுப் பணியாளர் என்ற நிலையை இழந்தனர். ஆனாலும் செலவுக்கான பணத்தில் பெரும்பகுதி நீண்டகால ஒப்பந்தங்கள் வழியாக அரசிடமிருந்துதான் வந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2020 செப்டம்பரில் புடாபெஸ்ட் நாடக, திரைப்படக் கலைப் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் கட்டடத்தைக் கைப்பற்றி வாரக்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். அரசுக்கு நெருக்கமான நாடக இயக்குநர் அட்டிலா வித்னியான்ஸ்கி தலைமையில் அமைந்த குழு பல்கலைக்கழகத்தின் பொறுப்பை எடுத்ததுதான் காரணம். அவர்கள் கேட்டது சுயாட்சி. அன்று அவர்கள் சொன்னதை ஐரோப்பா காதில் வாங்கியிருந்தால், இரண்டு ஆண்டு கழித்து இவ்வளவு பெரிய தடைக்கு அவசியம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

தனியார் அறக்கட்டளைகள் உலகெங்கும் பல்கலைக்கழகம் நடத்துகின்றனவே, இதில் என்ன தவறு?

அறக்கட்டளை என்ற அமைப்பில் தவறு இல்லை. இந்த அறக்கட்டளைகள் எப்படிக் கட்டப்பட்டன என்று பார்க்க வேண்டும்.

முதல் அறங்காவலர்களை நியமித்தது அரசு. அவர்களின் பதவிக்குக் கால வரம்பு இருக்கவில்லை. ஓர் இடம் காலியானால் யாரைப் போடுவது என்பதையும் காலப்போக்கில் அந்தக் குழுவே தீர்மானிக்கும், ஏனென்றால் நிறுவனருக்கு உள்ள உரிமைகளை அரசு அந்தக் குழுவிடமே கொடுத்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் வரவுசெலவு, விதிமுறைகள் எல்லாம் அறங்காவலர்கள் கையில். பேராசிரியர்களின் செனட் சபைக்கு முன்பிருந்த பிடி தளர்ந்தது.

அப்புறம், அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்தார்கள்? நீதித்துறை அமைச்சர் யுடிட் வர்கா மிஷ்கோல்ட்ஸ் பல்கலைக்கழக அறக்கட்டளையில். நிதியமைச்சர் மிஹாய் வர்கா ஓபுடா பல்கலைக்கழக அறக்கட்டளையில். ஒன்றியத்தோடு நிதி பற்றிப் பேச்சுவார்த்தை நடத்திய அமைச்சர் டிபோர் நவ்ரசிச் பன்னோன் பல்கலைக்கழக அறக்கட்டளையில். பணத்தைப் பங்கிடும் அரசில் இருப்பவர், பணத்தைப் பெறும் நிறுவனத்தின் தலைமையிலும் இருந்தார். ஆட்சி மாறினாலும் அவர் அங்கேயே இருக்கலாம் என்ற நிலை.

இதை எளிதில் கலைக்க முடியாதபடி பூட்டும் போட்டார்கள். 2020 டிசம்பரில் அரசியலமைப்பைத் திருத்தி, இந்த அறக்கட்டளைகள் பற்றிய சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று வைத்தார்கள். 2021 ஏப்ரலில் வந்த 2021-ஆம் ஆண்டின் 9-ஆம் எண் சட்டம் அந்தப் பூட்டின் கீழ்தான் வருகிறது. தேர்தலில் தோற்றாலும் பல்கலைக்கழகங்கள் நம்மிடமே இருக்க வேண்டும் என்ற கணக்கு இது. இதை வேறு எப்படியும் படிக்க எனக்குத் தெரியவில்லை.

கவுன்சில் சொன்ன காரணமும் இதுதானா?

ஓரளவு. சுயாட்சி, கல்விச் சுதந்திரம் என்று அது பேசவில்லை. ஒன்றியத்தின் அந்த ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பேசவும் முடியாது. அது சுட்டிக்காட்டியது இரண்டு: பொதுக் கொள்முதல் விதிகள் இந்த அறக்கட்டளைகளுக்குச் சரியாகப் பொருந்தவில்லை, சொந்த நலனும் பொதுக் கடமையும் மோதும் நலன் முரண்பாட்டைத் தடுக்கும் விதிகள் இல்லை. 2022 இலையுதிர் காலத்தில் ஹங்கேரி சட்டத்தைத் திருத்தி முதல் குறையை ஏறக்குறைய சரிசெய்தது. இரண்டாவது அப்படியே நின்றது. உயர் அரசியல் பொறுப்பில் இருப்பவர்கள் அறங்காவலர் குழுவில் தொடர வழி திறந்தே இருந்தது. கவுன்சில் அதைப் பிடித்துக்கொண்டது.

எல்லா ஹங்கேரிப் பல்கலைக்கழகங்களும் தடையில் சிக்கினவா?

இல்லை. எயோட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகம், புடாபெஸ்ட் தொழில்நுட்ப பொருளியல் பல்கலைக்கழகம், லிஸ்ட் இசைக் கல்விக்கழகம் போன்றவை அப்போது அரசிடமே இருந்தன. அவற்றுக்குத் தடை இல்லை. அதனால் ஒரே நகரத்தில், சில டிராம் நிறுத்தங்கள் இடைவெளியில், எயோட்வோஷ் லோராண்டில் படிப்பவருக்கு எராஸ்மஸ் கிடைக்கும், கொர்வினுஷில் படிப்பவருக்குக் கிடைக்காது என்ற நிலை வந்தது.

ஏற்கெனவே உதவித்தொகையில் இருந்த மாணவர்கள் நடுவழியில் விடப்பட்டார்களா?

இல்லை. 2022 டிசம்பர் 15-க்கு முன் கையெழுத்தான ஒப்பந்தங்கள் தொடர்ந்தன. எராஸ்மஸ் ஒப்பந்தங்கள் ஓராண்டைத் தாண்டி நீள்பவை என்பதால் 2023-24 கல்வியாண்டையும் பழைய பணத்தால் பெருமளவு ஓட்ட முடிந்தது. அடி விழுந்தது 2024-25 முதல்.

இறுதிப் பயனாளிகள் பாதிக்கப்படக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறதாமே?

சொல்கிறது. இந்த விவகாரத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒழுங்குமுறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, நிதி நிறுத்தப்பட்டாலும் அந்த நாட்டு அரசு தன் கடமைகளிலிருந்து விடுபடாது என்கிறது. திட்டத்தை நடத்தியே ஆக வேண்டும், பயனாளிகளுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். ரேஷன் கடைக்காரர் கணக்கில் தப்பு செய்தால் அவரைப் பிடியுங்கள், கார்டுதாரருக்கு அரிசி நிற்கக் கூடாது என்பது போன்ற ஏற்பாடு. விவசாயிகள், நகராட்சிகள், மாணவர்கள் யாரும் அரசின் தவறுக்கு விலை கொடுக்கக் கூடாது என்ற நல்ல நோக்கம் அதில் இருக்கிறது.

ஆனால் ஒன்றியத்தின் பணம் எல்லாம் ஒரே வழியில் போவதில்லை. சாலை, ரயில், வட்டார வளர்ச்சி போன்றவற்றுக்கான பணம் உறுப்பு நாட்டு அரசின் வழியாகப் போகிறது. அங்கே ஒன்றியம் நிறுத்தினால், அரசு தன் கையிலிருந்து போட வேண்டும் என்று சொல்வதற்குப் பொருள் உண்டு. ஹொரைசன் அப்படி அல்ல. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமும் அதன் முகமைகளும் பல்கலைக்கழகத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போடுகின்றன, நடுவில் அரசே இல்லை. எராஸ்மஸில் தேசிய முகமை ஒன்று இடையில் நிற்கிறது. ஹங்கேரியில் அது டெம்பஸ் பொது அறக்கட்டளை. அங்கேயும் மாணவருக்கான தொகை அவர் படிக்கும் பல்கலைக்கழகம் வழியாகத்தான் கைக்கு வரும்.

கவுன்சிலின் தடை குறிவைத்தது இந்த நேரடி, மறைமுக நிர்வாக வழிகளைத்தான். பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தமே போடக் கூடாது என்று சொன்ன பிறகு, 'பயனாளிக்குக் கொடுக்க வேண்டிய கடமை' என்று ஒன்று பிறப்பதே இல்லை. பிறக்காத கடமையை எந்த அரசிடம் போய்க் கேட்பது? மாணவரைக் காக்க எழுதிய பிரிவு, மாணவருக்கு மிகவும் தேவைப்பட்ட இடத்தில் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது. 2020-இல் இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பெரிய கட்டுமான டெண்டர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். ஒரு செமஸ்டர் லிஸ்பனில் படிக்கப் போகும் இருபது வயதுப் பெண் அவர்கள் கண்ணில் படவில்லை. இது தீவிரமான குறை, நீதிமன்றத் தீர்ப்பு எப்படி இருந்தாலும் சட்டத்திலேயே திருத்தப்பட வேண்டிய குறை.

பல்கலைக்கழகம் பயனாளியா, தவறு செய்த தரப்பா?

இரண்டுமாக இருப்பதுதான் சிக்கல். ஒன்றியத்தின் பார்வையில், அமைச்சர்கள் தலைமை வகிக்கும் அறக்கட்டளையின் கீழ் இருக்கும் நிறுவனம் பணத்தைச் சுயமாகக் காக்க முடியாது. ஆய்வகத்தில் வேலை செய்யும் பேராசிரியரின் பார்வையில், அறங்காவலரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, நீக்கவும் அவரால் முடியாது. சட்டம் இவர்கள் இருவரையும் ஒரே பெயரில் அழைக்கிறது.

யார், எங்கே வழக்குத் தொடுத்தார்கள்?

2023-இல் டெப்ரெட்சென் பல்கலைக்கழகம் லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்தில் கவுன்சிலுக்கு எதிராக மனு கொடுத்தது. வழக்கு எண் டி-115/23. ஓபுடா, செம்மல்வைஸ், மிஷ்கோல்ட்ஸ், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உள்ளிட்டவையும் தனித்தனியே மனு கொடுத்தன. கேட்டது ஒன்றுதான்: தங்களைப் பாதிக்கும் அந்தப் பத்தியை ரத்து செய்ய வேண்டும். பொது நீதிமன்றத்தின் தீர்ப்பில் சட்டப் பிழை இருக்கிறது என்று நினைக்கும் தரப்பு, மேலே உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போகலாம்.

முடிவு ஹங்கேரி அரசுக்கு எதிரானது. பல்கலைக்கழகம் எப்படி வழக்குப் போட முடியும்?

நியாயமான கேள்வி. பல வழக்குகள் இந்த வாசலிலேயே விழுந்துவிடும்.

ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தங்களில் ஒன்றான செயல்பாட்டு ஒப்பந்தத்தின் 263-ஆம் பிரிவின்படி, பொதுவாகத் தனக்கு முகவரியிடப்படாத ஒரு முடிவை எதிர்க்க விரும்புபவர் அது தன்னை நேரடியாகவும் தனிப்பட்ட முறையிலும் பாதிக்கிறது என்று காட்ட வேண்டும். 'தனிப்பட்ட முறையில்' என்பதற்கான அளவுகோல் 1963-இல் வந்த பிளவ்மன் வழக்கிலிருந்து வருகிறது. கிளமென்டைன் ஆரஞ்சு இறக்குமதி செய்த ஒரு ஜெர்மன் வணிகரின் வழக்கு அது. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய தொழிலைச் செய்கிறீர்கள், உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்டும் தன்மை எதுவும் இல்லை என்று நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. அன்றிலிருந்து தனிநபர்களுக்கும் நிறுவனங்களுக்கும் இந்த வாசல் மிகக் குறுகலானது.

நேரடிப் பாதிப்பைக் காட்டுவது பல்கலைக்கழகங்களுக்குக் கடினமல்ல. ஒப்பந்தம் போடாதே என்ற கட்டளை இருக்கும்போது ஆணையத்துக்குச் சொந்த முடிவு எடுக்க இடமே இல்லை. தனிப்பட்ட பாதிப்புக்கு அவர்கள் பக்கம் ஒரு வலுவான விஷயம் உண்டு. அறக்கட்டளைகள் ஹங்கேரியச் சட்டத்தின் இணைப்பில் பெயர்பெயராகப் பட்டியலிடப்பட்டவை, எண்ணிவிடலாம். எதிர்வாதமும் உண்டு: தடை பெயர் சொல்லவில்லை, நாளை அந்தச் சட்டத்தின் கீழ் உருவாகும் புதிய அறக்கட்டளைக்கும் அது பொருந்தும், எனவே வட்டம் மூடியதல்ல. என் வரையில், முடிவு வந்த நாளன்று பாதிக்கப்பட்டவர் யார் யார் என்று கவுன்சிலுக்குத் தெரிந்தேயிருந்தது. அப்படித் தெரிந்தே பாதித்தவர்களை நீதிமன்ற வாசலில் நிறுத்திவைப்பது, சட்டத்தின் ஆட்சிக்காக எடுத்த நடவடிக்கைக்கு அழகல்ல.

தடைக்கு எதிராக வைக்கப்படும் வாதங்கள் என்ன?

முதலில், கேட்காமல் தீர்ப்பு. முழு நடைமுறையும் ஆணையம், கவுன்சில், ஹங்கேரி அரசு ஆகியோருக்கு இடையே நடந்தது. ஆணையம் 2022 ஏப்ரல் 27-இல் அரசுக்குக் கடிதம் அனுப்பியது. செப்டம்பர் 18-இல் பரிந்துரை செய்தது. அப்போது 65 சதவீதம், சுமார் 750 கோடி யூரோ என்று கணக்கு. அரசு 17 திருத்த நடவடிக்கைகளை முன்வைத்தது. இந்த மாதங்களில் பல்கலைக்கழகத்துக்கு எந்தக் கட்டத்திலும் பேச இடம் இல்லை.

அடுத்தது, மொத்தமாகத் தடை. ஒரு குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தில் ஒன்றியப் பணம் முறைகேடாகப் போனது என்று யாரும் காட்டவில்லை. அமைச்சர் இல்லாத அறங்காவலர் குழுக்களும் அதே தடைக்குள் வந்தன. வளர்ச்சித் திட்டங்களில் 65-ஐ 55 ஆகக் குறைத்து அளவு பார்த்த கவுன்சில், பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் நூறு சதவீதம் வைத்தது. அளவுக்கு மீறாத நடவடிக்கை என்ற விதி ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு இந்த வாதம்தான் மிகவும் வலுவாகப் படுகிறது.

கல்விச் சுதந்திரம் என்ற வாதமும் உண்டு. அதை நான் அவ்வளவாக ஏற்க மாட்டேன். அரசு நியமித்த ஆயுள்கால அறங்காவலரின் கீழ் இருந்துகொண்டு, சுதந்திரத்துக்கு ஆபத்து வெளியிலிருந்துதான் வருகிறது என்று சொல்வது ஒட்டவில்லை.

கவுன்சிலின் பக்கத்தில் நியாயம் என்ன?

நிறையவே உண்டு. ஒன்றியத்தின் ஒழுங்குமுறைச் சட்டம் ஆபத்தைத் தடுக்கவும் பயன்படலாம். திருட்டு நடந்து முடிந்த பிறகுதான் வர வேண்டும் என்று இல்லை. ஒரே ஹங்கேரியச் சட்டத்தின் கீழ், ஒரே குறையோடு உருவான அமைப்புகளில் ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்து முடிக்க ஆண்டுகள் ஆகும். அமைச்சர் இன்று இல்லாத குழுவில் நாளை வந்து உட்காரத் தடை ஏதும் இல்லை. தடையை நீக்கும் சாவியும் எளிதானது: அரசியல்வாதிகளை வெளியேற்று, பதவிக்குக் காலவரம்பு வை. எந்தப் பணமும் செலவழிக்காமல் புடாபெஸ்ட் இதைச் சில வாரங்களில் செய்திருக்கலாம். செய்யவில்லை. மாணவர்கள் இழந்த ஒவ்வொரு செமஸ்டருக்கும் முதல் பொறுப்பு அங்கேதான் இருக்கிறது.

அமைச்சர்கள் பின்னர் விலகினார்களே?

2023 தொடக்கத்தில் விலகினார்கள். அது போதாது என்றது ஆணையம், நானும் அதையே சொல்வேன். இன்று விருப்பப்பட்டு விலகியவர் நாளை விருப்பப்பட்டுத் திரும்பலாம். ஆள் விலகுவது வேறு, சட்டம் மாறுவது வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஹங்கேரி ஒரு சட்டத் திருத்தத்தை ஆணையத்துக்கு அறிவித்தது. நலன் முரண்பாடு பற்றிய கவலை அதில் முழுமையாகத் தீரவில்லை என்று டிசம்பர் 16 அன்று ஆணையம் தடையை நீக்கப் பரிந்துரைக்க மறுத்தது.

இதற்கிடையே 2023 டிசம்பரில், நீதித்துறைச் சீர்திருத்தங்களுக்காக சுமார் 1,020 கோடி யூரோ வேறொரு கணக்கில் ஹங்கேரிக்குத் திறந்துவிடப்பட்டது. பல்கலைக்கழகத் தடை அப்போதும் அப்படியே இருந்தது. பெரும் பணம் நகர்ந்தது, மாணவர்கள் காத்திருந்தார்கள். ஒன்றியத்தின் முன்னுரிமைகளைப் பற்றி எனக்குக் கோபம் வந்த இடம் இது.

இழந்த பணத்தை ஹங்கேரி அரசு ஈடுசெய்ததா?

பன்னோனியா உதவித்தொகைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. 1,000 கோடி ஃபோரிண்ட் (ஹங்கேரி நாணயம்) ஒதுக்கி, 2024 இலையுதிர் செமஸ்டரிலிருந்து மாணவர்களை வெளிநாடு அனுப்பத் தொடங்கியது, ஐரோப்பாவுக்கு வெளியேயும். மாணவருக்குப் பணம் கிடைப்பது நல்லதே. ஆனால் எராஸ்மஸ் பல்கலைக்கழகங்களைக் கூட்டாளிகளாகக் கட்டும் வலைப்பின்னலும்கூட. அதிலிருந்து வெளியே நிற்பதைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது.

ஆராய்ச்சியாளர்களுக்கு என்ன ஆனது?

மாணவர்களைவிட அவர்களுக்கு அடி ஆழம், சத்தம் குறைவு. ஹொரைசன் யூரோப்பின் ஏழாண்டு ஒதுக்கீடு சுமார் 9,550 கோடி யூரோ. அதில் பெரும்பாலானவை கூட்டுத் திட்டங்கள். பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து விண்ணப்பிக்கும். தடைக்குட்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றியப் பணம் பெறாத இணைப் பங்காளியாகச் சேர விதி இடம் கொடுக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும்? தன் பங்குச் செலவை யார் தருவார் என்று தெரியாத கூட்டாளியைச் சேர்க்க ஒருங்கிணைப்பாளர் தயங்குவார். ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் தனிநபர் மானியத்திலும் பல்கலைக்கழகம்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஆகவே மானியம் வென்ற விஞ்ஞானிக்கு மீதி இருப்பது இரண்டு வழி: மானியத்தை விடுவது, அல்லது ஊரை விடுவது. ஓர் ஆய்வுக் குழு கலைந்தால் அது திரும்பச் சேராது.

ஹங்கேரிப் பல்கலைக்கழக விஷயம் முன்பே ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனதுண்டா?

உண்டு, வேறு திசையில். 2017 ஏப்ரலில் ஹங்கேரி கொண்டுவந்த ஒரு சட்டம் புடாபெஸ்டில் இருந்த மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தைக் குறிவைத்தது. 2020 அக்டோபர் 6 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அது ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஒன்றியத்தின் அடிப்படை உரிமைச் சாசனத்தின் 13-ஆம் பிரிவு தரும் கல்விச் சுதந்திரம் மீறப்பட்டது என்றும் சொன்னது. ஆனால் பல்கலைக்கழகம் அதற்குள் வியன்னாவுக்குப் போய்விட்டிருந்தது. அந்தத் தீர்ப்பால் 13-ஆம் பிரிவுக்கு உண்மையான பல் முளைத்தது. பின்னாளில் அறக்கட்டளைப் பல்கலைக்கழகங்கள் கல்விச் சுதந்திரம் பற்றிப் பேசும்போது கையில் எடுக்க முடிகிற ஆயுதம், அவர்கள் அரசு தோற்ற அந்த வழக்கில் உருவானதுதான்.

அமெரிக்காவில் ஹார்வர்டுக்கு நிதி நிறுத்தப்பட்டதும் இதே மாதிரியா?

இல்லை. 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு தன் கோரிக்கைகளை ஹார்வர்டு ஏற்க மறுத்ததும் 220 கோடி டாலர் மானியத்தை முடக்கியது. செப்டம்பர் 3 அன்று கூட்டாட்சி நீதிபதி அலிசன் பரோஸ் அது பேச்சுரிமையை மீறியது, சட்டம் கேட்கும் நடைமுறையையும் பின்பற்றவில்லை என்று தீர்ப்பளித்தார். அங்கே பல்கலைக்கழகம் அரசை எதிர்த்ததால் பணம் நின்றது. ஹங்கேரியில் பல்கலைக்கழகம் அரசிடமிருந்து போதிய அளவு விலகி நிற்காததால் நின்றது. ஒரே கருவி எதிரெதிர் நோக்கங்களுக்குப் பயன்படும் என்பதால்தான் நடைமுறைப் பாதுகாப்புகள் மேல் நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து ஹங்கேரிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு இதனால் சிக்கல் உண்டா?

நேரடியாக இல்லை. டெப்ரெட்சென், செகெட், பேச், செம்மல்வைஸ் ஆகியவற்றில் ஆங்கில வழி மருத்துவம் படிப்பவர்கள் கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள். இந்திய மாணவர்களுக்கும் கிடைக்கும் ஸ்டிபென்டியம் ஹங்காரிகும் உதவித்தொகை ஹங்கேரி அரசின் பணம், ஒன்றியத்தின் பணம் அல்ல. பட்டங்களின் செல்லுபடியை இந்தத் தடை தொடவில்லை. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலைக்கு விண்ணப்பிப்பவர்கள் மட்டும், கூட்டமைப்பில் ஹங்கேரி அறக்கட்டளைப் பல்கலைக்கழகம் இருந்தால், அதன் நிலை என்ன என்று ஒருங்கிணைக்கும் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

தடையை நீக்க வழி என்ன?

ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. உறுப்பு நாடு புதிய திருத்த நடவடிக்கைகளை எடுத்து எழுத்துமூலம் அறிவிக்கலாம். அறிவிக்காவிட்டாலும் ஓராண்டுக்குள் ஆணையம் தானாக மறுபரிசீலனை செய்ய வேண்டும். திருப்தி என்றால் ஆணையம் பரிந்துரைக்கும், கவுன்சில் நீக்கும்.

பல்கலைக்கழகத்துக்கு இந்தப் பிரிவில் இடமே இல்லை. ஒரு பல்கலைக்கழகம் தன் அறங்காவலர் குழுவைச் சீர்திருத்தி, தணிக்கைக்குத் தன்னைத் திறந்துவைத்து, எங்களைத் தனியே பாருங்கள் என்று கேட்க இந்தச் சட்டத்தில் ஒரு படிவம்கூடக் கிடையாது. அதற்கு ஒரு வழியை எழுதிச் சேர்ப்பதுதான் இந்தச் சட்டத்துக்கு முதலில் வர வேண்டிய திருத்தம்.